சக்கரத் தூய்மையாக்கி

சக்கரத் தூய்மையாக்கி என்பது மகிழுந்தின் சக்கர வளையத்தில் படியும் பிரேக் தூசு, துரு, உப்பு, தார் முதலியவற்றை அகற்றப் பயன்படும் வேதிக்கலவை ஆகும். பேச்சு வழக்கில் இதனை வீல் கிளீனர் என்பர். தெளிப்புப் புட்டிகளிலும் பெரிய கேன்களிலும் நீர்மமாகவோ நுரையாகவோ விற்கப்படுகின்றது. வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளடக்கத்தால் இவை பெரிதும் வேறுபட்டவை. ஒன்று சோப்புநீரை ஒத்தது; இன்னொன்று தோலை ஊடுருவி எலும்பிலுள்ள சுண்ணாம்புச்சத்தைத் தாக்கும் அமிலம். எனவே எது நன்றாக அழுக்கு போக்கும் என்பதைவிட, எந்தப் பூச்சுக்கு எது ஏற்றது, கையாள்பவரின் உடலுக்கு அது என்ன செய்யும் என்பவையே தேர்வில் முதன்மையான கேள்விகள் ஆகும்.

கடற்கரைப் பகுதிகளில் இக்கேள்விகள் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன. இக்கட்டுரையில் புதுச்சேரி நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள பிள்ளைச்சாவடி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

சக்கரத்தில் படியும் அழுக்கு

சக்கரத்தில் காணப்படும் கருமையான படிவு சாலைப்புழுதி மட்டுமன்று. பிரேக்கை மிதிக்கும்போது பிரேக் பேட் என்னும் உராய்வுத் தகடு, சுழலும் வார்ப்பிரும்புத் தட்டை அழுத்துகின்றது. அப்போது தட்டும் தகடும் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. தேய்ந்து தெறிக்கும் நுண்ணிய இரும்புத்துகள்கள் சூடாகவே சென்று சக்கரத்தின் பூச்சில் ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் ஈரம் பட்டதும் அவை துருப்பிடித்துப் பூச்சோடு இறுகுகின்றன. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகாத செம்பழுப்புப் புள்ளிகள் இவையே.

இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய மகிழுந்துகள் பலவற்றில் முன்சக்கரங்களுக்குத் தட்டு பிரேக்கும் பின்சக்கரங்களுக்கு உருளை பிரேக்கும் உள்ளன. நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன்சக்கரங்களே செய்கின்றன. உருளை பிரேக்கின் தூசோ பெரும்பாலும் உருளைக்குள்ளேயே தங்கிவிடுகின்றது. ஆகவே இத்தகைய வண்டிகளில் முன்சக்கரம் கறுத்தும் பின்சக்கரம் ஓரளவு வெளுத்தும் இருப்பது இயல்பே, பழுதன்று. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவு மருந்தைத் தெளிப்பது வீண் என்பதும் இதனால் விளங்கும். மின்மகிழுந்துகளில் மின்னோடியே வேகத்தைக் குறைக்க உதவுவதால் பிரேக் தூசு குறைவு.

கடற்கரையும் உப்பும்

பிள்ளைச்சாவடி ஒரு மீனவச் சிற்றூர். கடலரிப்பால் பெரிதும் பாதிக்கப்பட்ட ஊர்களுள் ஒன்றாக இது அறியப்படுகின்றது. கடற்கரைச் சாலைக்கும் அலைகளுக்கும் இடைப்பட்ட தொலைவு இங்கு மிகக் குறைவு. அலை உடையும்போது எழும் நுண்திவலைகளைக் காற்று கரைக்குக் கொண்டுவருகின்றது. நீர் ஆவியானபின் எஞ்சும் உப்பு வீட்டுச் சாளரக் கம்பிகளிலும், நிறுத்தி வைத்த வண்டிகளிலும் படிகின்றது.

சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாக மாறும் இயல்புடையது. மழைக்காலத்தில் சமையலறைச் சாடியில் உப்பு கசிந்து நிற்பதைக் காணாதவர் இல்லை. அதே நிகழ்வுதான் சக்கரத்திலும் நடைபெறுகின்றது. கடற்கரையில் இரவுநேர ஈரப்பதம் இவ்வளவைப் பலமுறை தாண்டுவதால், மழையே பெய்யாத நாளிலும் சக்கரம் உப்புக்கரைசலில் நனைந்த நிலையில் இருக்கக்கூடும். அதிலுள்ள குளோரைடு அயனிகள் அலுமினியத்தின் மேற்பரப்பிலுள்ள காப்புப்படலத்தை ஆங்காங்கே உடைத்துக் குழிகளை உண்டாக்குகின்றன. எஃகு அச்சுக்குடமும் அலுமினியச் சக்கரமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் அது ஒரு சிறு மின்கலம் போலவே செயற்படும். அதில் அரிபடுவது அலுமினியமே. சக்கரம் அச்சுக்குடத்தோடு இறுகிப்போய், டயர் மாற்றும்போது கழற்ற வராமல் தொல்லை தருவதற்கு இது ஒரு காரணம்.

உப்பு நீரில் எளிதில் கரைவது என்பதை இங்கு மறக்கலாகாது. அதனை அகற்ற எந்த வேதிப்பொருளும் தேவையில்லை. நல்ல நீரே போதும். கடற்கரையில் வண்டி வைத்திருப்போர் விலையுயர்ந்த தூய்மையாக்கியை ஆண்டுக்கு இருமுறை வாங்குவதைக் காட்டிலும், வாரம் ஒருமுறை சக்கரத்தின் முன்புறத்தையும் உட்புறத்தையும் நீரால் அலசுவது கூடுதல் பயன் தரும். உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரால் கழுவினால் மட்டும் அதனை உலரவிடாமல் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இல்லையெனில் அந்த நீரே வெண்புள்ளிகளை விட்டுச்செல்லும்.

சக்கரத்தின் பூச்சை அறிதல்

எஃகுச் சக்கரம், அலுமினிய உலோகக்கலவைச் சக்கரம் என இருவகை பரவலாகப் பயன்படுகின்றன. எஃகுச் சக்கரங்களைத் தமிழ்நாட்டிலேயே, சென்னை பாடியில் 1960-இல் தொடங்கப்பட்ட வீல்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் உற்பத்தி செய்து வருகின்றன. இவற்றின் மேல் வண்ணப்பூச்சும், பல வண்டிகளில் அதற்கு மேல் நெகிழி வீல் கப்பும் இருக்கும். இவற்றுக்குத் தனியான தூய்மையாக்கியே தேவையில்லை. வண்டி கழுவும் ஷாம்பு போதுமானது.

அலாய் வீல் எனப்படும் உலோகக்கலவைச் சக்கரத்தில் சிக்கல் கூடுதல். வார்ப்புச் சக்கரங்களுக்குப் பரவலாகப் பயன்படும் ஏ356 என்னும் கலவையில் ஏறத்தாழ 7 விழுக்காடு சிலிக்கானும் மிகச் சிறிதளவு மக்னீசியமும் உள்ளன. எஞ்சியதில் பெரும்பகுதி அலுமினியம். அலுமினியம் ஈரியல்பு உடைய உலோகம். அதாவது அமிலமும் காரமும் இரண்டுமே அதனைக் கரைக்க வல்லவை. காரகாடித்தன்மைச் சுட்டெண், சுருக்கமாகப் பி.எச்., ஏறத்தாழ 4 முதல் 8.5 வரை உள்ள நீரில்தான் அதன் ஆக்சைடுப் படலம் நிலைத்து நிற்கும். அலுமினியச் சட்டியில் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தால் சட்டி கறுத்துப்போவது இதனாலேயே. பித்தளைக் குடத்தைப் புளியிட்டு விளக்கிப் பழகிய கை, எந்த உலோகத்தையும் புளிப்பு கொண்டு பளபளப்பாக்கலாம் என நம்பிவிடுவது இயல்பு. அந்த நம்பிக்கை அலாய் வீலுக்குப் பொருந்தாது.

பெரும்பாலான அலாய் வீல்களில் உலோகம் நேரடியாக வெளியில் தெரிவதில்லை. அதன்மேல் வண்ணமும், அதற்கும் மேல் நிறமற்ற மெருகுப்பூச்சும் உள்ளன. கழுவுபவர் உண்மையில் கழுவுவது அப்பூச்சைத்தான். டைமண்ட் கட் எனப்படும் கடைசல் முகப்புடைய சக்கரங்களில் வெறும் உலோகத்தின்மேல் நிறமற்ற பூச்சு மட்டுமே இருக்கும். நடைமேடைக் கல்லில் உரசியோ, சிறுகல் பட்டோ அப்பூச்சு ஓரிடத்தில் உடைந்தால் உப்புநீர் உள்ளே புகுந்து, புழு ஊர்ந்த தடம்போல் வெண்கோடுகளாக அரிப்பு பரவும். பூச்சுக்கு அடியில் பரவும் இவ்வரிப்பை எந்தத் தூய்மையாக்கியாலும் நீக்க இயலாது. பூச்சை உரித்து மீண்டும் கடைந்து பூசுவதே வழி. இதனை அழுக்கு என்றெண்ணி மேன்மேலும் கடுமையான மருந்தைத் தேடிச் செல்வோர் பலர். அதனால் எஞ்சிய பூச்சும் கெடுகின்றது.

பூச்சற்று மெருகேற்றப்பட்ட அலுமினியம், அனோடைசிங் செய்யப்பட்ட சக்கரம், குரோமிய முலாம் பூசிய வளையம் ஆகியன மேலும் மென்மையானவை. குரோமியத்தை ஐதரோகுளோரிக் அமிலம் கரைத்துவிடும். கம்பிச் சக்கரம் பூட்டிய பழைய புல்லட் வைத்திருப்போர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

தூய்மையாக்கி வகைகள்

முதல் வகை, பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சோப்புப் பொருள்களை மட்டும் கொண்ட நடுநிலைத் தூய்மையாக்கி. வண்டி ஷாம்புவும் இவ்வினத்ததே. அடிக்கடி கழுவப்படும் சக்கரத்துக்கு இதற்கு மேல் தேவைப்படுவது அரிது.

இரண்டாம் வகை, இரும்பு நீக்கி. இதில் தயோகிளைக்கோலிக் அமிலத்தின் அமோனியம் அல்லது சோடிய உப்பு உள்ளது. இப்பொருள் இரும்புத்துகளோடு வினைபுரிந்து நீரில் கரையும் ஊதாநிறச் சேர்மத்தை உண்டாக்குகின்றது. தெளித்த சில நிமிடங்களில் சக்கரத்திலிருந்து ஊதாச்சாறு வடிவது பார்ப்பதற்கு வியப்பாக இருக்கும். விளம்பரங்களில் அதுவே காட்டப்படுகின்றது. நிறம் மாறாவிட்டால் மருந்து போலி என்று கொள்ளலாகாது. இரும்பு இல்லாத இடத்தில் நிறம் மாறாது. தலைமுடியைச் சுருளாக்கும் கரைசல்களிலும் முடிநீக்கும் களிம்புகளிலும் இதே இனத்துப் பொருள்கள் உள்ளன. அழுகிய முட்டை போன்ற அதன் நாற்றத்தை மணப்பொருள் சேர்த்தும் முற்றாக மறைக்க இயல்வதில்லை. பி.எச். நடுநிலையில் இருப்பதால் பூச்சுக்குப் பொதுவாகத் தீங்கில்லை. ஆனால் நடுநிலை என்பது தீங்கற்றது என்று பொருள்படாது. சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். கண்ணில் பட்டால் எரிச்சல் மிகும். ஓரிரு மாதங்களுக்கு ஒருமுறைக்கு மேல் இதனைப் பயன்படுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

மூன்றாம் வகை, காரத் தூய்மையாக்கி. எண்ணெய்ப்பசையை விரைவில் நீக்கும். கடுமையானவற்றில் எரிசோடா எனப்படும் சோடியம் ஐதராக்சைடு இருக்கும். பூச்சு உடைந்த அலுமினியத்தில் இது பட்டால் ஐதரசன் வளிமக் குமிழ்கள் வெளிப்பட உலோகம் கரைந்து மங்கும். புட்டியின்மேல் அமிலம் அற்றது என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு மென்மையானது என முடிவு செய்யலாகாது. அமிலம் இல்லை என்றால் காரம் இல்லை என்று ஆகிவிடாது.

நான்காம் வகை, அமிலத் தூய்மையாக்கி. இவ்வகைக்குள்ளேயே வேறுபாடு மிகுதி. பாசுபாரிக் அமிலம், சிட்ரிக் அமிலம் ஆகியவற்றை நீர்த்த நிலையில் கொண்டவை ஒப்பீட்டளவில் மென்மையானவை. ஆக்சாலிக் அமிலம் துருவை நன்கு கரைக்கும். விழுங்கினால் சிறுநீரகத்தைத் தாக்கும் நஞ்சு. கழிப்பறைத் தூய்மையாக்கிகள் பலவற்றில் உள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சக்கரத்தில் ஊற்றுவது, உப்புக்காற்று பல மாதங்களில் செய்யும் அரிப்பைச் சில நிமிடங்களில் செய்துமுடிப்பதாகும். பிரேக் தட்டும் உடனே துருவேறும்.

புளோரைடு கலந்தவை

இந்நான்காம் வகையின் மிகத் தீய உறுப்பினர்கள் ஐதரோபுளோரிக் அமிலமும் அமோனியம் பைபுளோரைடும் ஆகும். பின்னது நீரில் கரைந்ததும் முன்னதைத் தோற்றுவிக்கின்றது. அலுமினிய ஆக்சைடையும் மணலின் சிலிக்காவையும் ஒருசேரக் கரைக்க வல்லவை என்பதால், பல மாத அழுக்கையும் தேய்க்காமலே நீக்கிவிடும். நாளொன்றுக்குப் பல வண்டிகளைக் கழுவவேண்டிய இடங்களில் இவற்றின் கவர்ச்சி இதில்தான் உள்ளது.

பிற அமிலங்கள் தோலில் பட்டதும் எரியும். பட்டவர் கையை உதறிக் கழுவிவிடுவார். நீர்த்த ஐதரோபுளோரிக் அமிலம் அவ்வாறு எச்சரிப்பதில்லை. செறிவு 20 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் வலி தோன்ற 24 மணி நேரம் வரைகூட ஆகலாம். அதற்குள் புளோரைடு அயனி தோலைக் கடந்து ஆழ்திசுக்களை அடைந்து, அங்குள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொள்கின்றது. நகத்தடியில் தாங்கவியலாத வலி, திசுச் சிதைவு, எலும்புத் தாக்கம் ஆகியன பின்தொடரும். உடலில் பரவலாகப் பட்டாலோ விழுங்கினாலோ குருதியின் கால்சிய அளவு வீழ்ந்து இதயத்துடிப்பு தடுமாறி உயிரிழப்பு நேரலாம். மாலையில் வண்டி கழுவிவிட்டு நள்ளிரவில் விரல்வலியால் துடிக்கும் ஒருவருக்கு, இரண்டுக்கும் உள்ள தொடர்பு தோன்றாமலே போகக்கூடும். மருத்துவரிடமும் அவர் அதைச் சொல்லாமல் விடக்கூடும். இந்நஞ்சின் தனித்தன்மையே இதுதான்.

அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் 2001 முதல் 2013 வரையிலான தொழிலாளர் இழப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, வண்டிகளையும் கட்டடங்களையும் கழுவும் பணியில் ஐதரோபுளோரிக் அமிலக் கலவைகளால் 48 தீப்புண் நிகழ்வுகள் பதிவாகியிருந்தமை தெரியவந்தது. வீடுகளில் இத்தகைய சக்கரத் தூய்மையாக்கிகளைக் குழந்தைகள் விழுங்கி இறந்த நிகழ்வுகளும் அந்நாட்டில் உண்டு. அதனைத் தொடர்ந்து 1998-இல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் புளோரைடு உள்ள வீட்டுப் பொருள்களைக் குழந்தைகளால் திறக்கவியலாத மூடியுடனேயே விற்கவேண்டும் என அங்கு விதி இயற்றப்பட்டது.

இந்தியாவில் அமில வீச்சுக் குற்றங்களைக் கருதி உச்ச நீதிமன்றம் 2013 சூலையில் அமிலச் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதவேண்டும், அடையாள அட்டை காணவேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கலாகாது என்பன அதன் கூறுகள். வாட்டர் சர்வீஸ் கடைகளில் பெயர்ச்சீட்டு இல்லாத கேனில் "ஆசிட்" என்ற ஒற்றைச் சொல்லால் சுட்டப்படும் நீர்மத்தில் எந்த அமிலம் உள்ளது என்பதைக் கழுவும் தொழிலாளியே அறிந்திருப்பதில்லை. தம் வண்டியைக் கழுவக் கொடுப்பவர், சக்கரத்துக்கு ஷாம்பு மட்டும் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நன்று. அது சக்கரத்தை மட்டுமன்றி, வெறுங்கையோடும் வெறுங்காலோடும் நிற்கும் அத்தொழிலாளியையும் காக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

வணிகப்பெயர்களும் வண்ணப்படங்களும் உதவா. உள்ளடக்கப் பட்டியலையும், தயாரிப்பாளர் வெளியிடும் பாதுகாப்புத் தரவுத்தாளையும் படிப்பதே வழி. வேதிப்பொருள்களுக்கு உலகெங்கும் ஒரே பதிவெண் உண்டு. மொழியோ பெயரோ மாறினாலும் அவ்வெண் மாறாது. ஐதரோபுளோரிக் அமிலத்தின் எண் 7664-39-3; அமோனியம் பைபுளோரைடின் எண் 1341-49-7. இவற்றுள் ஒன்று காணப்பட்டால் அப்பொருள் வீட்டுக்குரியதன்று. எரிசோடாவின் எண் 1310-73-2. உள்ளடக்கமே குறிப்பிடப்படாத புட்டியை வாங்காமல் விடுவதே முறை. எல்லாச் சக்கரங்களுக்கும் ஏற்றது என்ற சொற்றொடரை நம்புவதைவிட, வண்டியின் கையேட்டில் சக்கரப் பராமரிப்புப் பற்றி உள்ள பத்தியைப் படிப்பது மேல்.

பயன்படுத்தும் முறை

ஓடி நின்ற வண்டியின் சக்கரமும் பிரேக் தட்டும் முதலில் ஆறவேண்டும். சூடான பரப்பில் மருந்து நொடியில் உலர்ந்து கறையாகும். சூடான தட்டின்மேல் குளிர்நீர் பட்டால் தட்டு கோணவும் கூடும். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டி, ஓடாமலே சுடும் என்பதால் நிழலும் காலைப்பொழுதும் ஏற்றவை. நீரால் நன்கு அலசி மணலை வெளியேற்றிய பின்னரே எதையும் தேய்க்கவேண்டும். கடற்கரை மணலோடு சேர்த்துத் தேய்ப்பது உப்புத்தாள் கொண்டு உரசுவதற்கு ஒப்பாகும்.

ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் என்பது நல்ல விதி. முதன்முறை பயன்படுத்தும் மருந்தை உட்புறத்தில் மறைவான ஓரிடத்தில் தெளித்துச் சோதிக்கலாம். புட்டியில் குறித்த நேரத்துக்கு மேல் விடாமல், உலர்வதற்கு முன் மென்மயிர்த் தூரிகையால் தேய்த்து, ஏராளமான நீரால் சக்கரத்தின் பின்புறம், நட்டுகள், பிரேக் பகுதி அனைத்தையும் கழுவவேண்டும். சக்கரத்துக்கு உரிய வாளியும் துணியும் தனியாக இருக்கட்டும். அவற்றில் தங்கிய இரும்புத்துகள் வண்டியின் மேற்பூச்சைக் கீறும். உலர்ந்த பிரேக் தூசைக் காற்றழுத்தத்தால் ஊதுவது கூடாது. பழைய வண்டிகளின் உராய்வுத் தகடுகளில் கல்நார் கலக்கப்பட்டது உண்டு.

கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் அணிவது நடுநிலைத் தூய்மையாக்கிக்கும் பொருந்தும். மெல்லிய மருத்துவக் கையுறை ஐதரோபுளோரிக் அமிலத்தைத் தடுக்காது. அமிலத்தோடு வெளுப்புத்தூளோ வெளுப்புநீரோ கலந்தால் குளோரின் நச்சுவளிமம் எழும். ஒன்றில் போகாததற்கு மற்றொன்றை மேலே ஊற்றும் பழக்கம் இதனால் கேடானது.

தார்ப்புள்ளிக்கு மண்ணெண்ணெய் தொட்ட துணி பயன்படும். பெட்ரோல் தீ ஆபத்து உடையது. எதுவாயினும் பிரேக் தட்டில் எண்ணெய்ப்பசை படக்கூடாது. வண்டியின் அடிப்பாகத்தில் துருத்தடுப்புக்காக எண்ணெயோ டீசலோ தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. அது தட்டில் பட்டால் பிரேக் பிடிக்காது. டயருக்குப் பூசும் மெருகும் அவ்வாறே. கழுவி முடித்ததும் ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சிலமுறை இலேசாக அழுத்தித் தட்டை உலர்த்திக்கொள்ள வேண்டும். ஈரத்தட்டு முதல் அழுத்தத்தில் முழுமையாகப் பிடிக்காது. ஈரமாகவே நிறுத்திவைத்தால் கடற்கரையில் ஓரிரவிலேயே துருப்படலம் ஏறும்.

உடலில் பட்டால்

எந்தத் தூய்மையாக்கி பட்டாலும் உடனே ஓடும் நீரில் கழுவி, நனைந்த உடையையும் மோதிரத்தையும் கழற்றவேண்டும். கண்ணில் பட்டால் இமையைத் திறந்துவைத்து 15 நிமிடங்களாவது கழுவியபின் மருத்துவரைக் காணவேண்டும். விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. புளோரைடு உள்ள பொருள் என்ற ஐயம் இருந்தாலே, வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். 2.5 விழுக்காடு கால்சியம் குளுக்கோனேட்டுக் களிம்பைத் தேய்த்தல் இதற்குரிய முதற்சிகிச்சை. அது புளோரைடைப் பற்றிக்கொண்டு உடலின் கால்சியத்தைக் காக்கின்றது. புட்டியை அல்லது அதன் படத்தை உடன் எடுத்துச் செல்வது சிகிச்சையை விரைவுபடுத்தும். புதுச்சேரிப் பகுதியினருக்குக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணும் உள்ளன. புது தில்லி எய்ம்சு மருத்துவமனையில் தேசிய நச்சுத் தகவல் மையமும் இயங்குகின்றது.

கழுவிய நீர்

கழுவும்போது வெளியேறும் நீரில் மருந்தோடு இரும்பு, செம்பு முதலிய பிரேக் உலோகத்துகள்களும் உள்ளன. செம்பு நீர்வாழ் உயிரினங்களுக்கு நஞ்சு என்பதால் அமெரிக்காவின் வாசிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2010-இல் உராய்வுத் தகடுகளில் செம்பின் அளவைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் இயற்றின. புதுச்சேரி குடிநீருக்குப் பெரிதும் நிலத்தடி நீரையே நம்பியுள்ளது. கடற்கரையின் மணற்பாங்கான நிலத்தில் ஊற்றிய நீர் விரைவில் கீழிறங்கும். ஆகவே கிணற்றடியிலும் ஆழ்குழாய் அருகிலும் சக்கரம் கழுவுவதைத் தவிர்த்து, கழிவுநீர் வடிகாலோடு இணைந்த தளத்தில் கழுவுதல் வேண்டும். எஞ்சிய மருந்தைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றிவைத்தல் கூடாது. அதன் சொந்தப் புட்டியிலேயே, பெயர்ச்சீட்டுடன், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும்.